இங்கேயும் தடை, அங்கேயும் தடை... மஹிரா கானை என்னதான் செய்தது 'ரயீஸ்'?

'ரயீஸ்' படத்தின் 'ஜாலிமா' பாட்டை இன்னும் பிளேலிஸ்ட்டில் வெச்சிருக்கீங்களா? 2025 மே மாதம் சில மியூசிக் ஆப்களில் அந்த ஆல்பத்தின் கவர் மாறியது. ஷாருக் கான் மட்டும் இருந்தார், பக்கத்தில் இருந்த ஹீரோயினைக் காணோம். காணாமல்போனவர், பாகிஸ்தானின் நம்பர் ஒன் நடிகைகளில் ஒருவரான மஹிரா கான்.

காரணம் தெரிந்ததுதான். பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, பாகிஸ்தான் நடிகர்களின் இன்ஸ்டா பக்கங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. 'ஆபரேஷன் சிந்தூர்' தாக்குதலைக் கண்டித்து மஹிரா போஸ்ட் போட, இங்கே கோபம் இன்னும் ஏறியது. அந்த நேரத்துக் கோபம் புரியுது. ஆனா, எட்டு வருஷத்துக்கு முன்னாடி ரிலீஸான படத்தின் கவரிலிருந்து ஒரு முகத்தை அழிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?

கராச்சிக்காரரான மஹிரா, எம்.டிவி பாகிஸ்தானில் வி.ஜே-வாக இருந்தவர். 2011-ல் ஷோயப் மன்சூரின் 'போல்' படத்தில் அறிமுகம். அதே வருஷம் ஹம் டிவியில் தொடங்கிய 'ஹம்சஃபர்' சீரியல்தான் அவரையும் ஃபவாத் கானையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அப்போதே அவர் ஒரு குழந்தைக்கு அம்மா. பாகிஸ்தானில் சினிமா சின்னது, சீரியல்தான் பெருசு. அதனால் அங்கே சீரியலில் நடிப்பது ஒரு படி கீழே இல்லை, ஸ்டார்களே அங்கிருந்துதான் வர்றாங்க. 2014-ல் ஜிந்தகி சேனல் மூலம் 'ஹம்சஃபர்' இந்தியாவுக்கும் வந்தது. அடுத்து ஷாருக் படம். வேறென்ன வேணும்?

2016 செப்டம்பரில் உரி தாக்குதல் நடந்தது. பாகிஸ்தான் கலைஞர்களுக்கு வேலை தரமாட்டோம்னு மும்பைத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று அறிவித்தது. ஷாருக் கானே போய் ராஜ் தாக்கரேவைச் சந்திக்க வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் 'ரயீஸ்' ரிலீஸானபோது, அதன் ஹீரோயினால் புரமோஷனுக்கு இந்தியா வர முடியலை. சரி, சொந்த ஊரிலாவது பார்த்தாங்களா? அங்கே சென்சார் அனுமதி மறுத்துவிட்டது, முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுதாம்!

அந்த வருஷம் இன்னும் முடியலை. நியூயார்க்கில் ரன்பீர் கபூருடன் அவர் சிகரெட் பிடிக்கும் போட்டோ வெளியானது. பாகிஸ்தான் நெட்டிசன்கள் அவரைத்தான் கிழித்தார்கள், பக்கத்தில் சிகரெட்டோடு நின்ற ரன்பீரை இல்லை. நவம்பரில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணாக அவர் நடித்த 'வெர்னா'வுக்கு முதலில் தடை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ரிலீஸ். இந்தியாவுக்கு அவர் பாகிஸ்தானி. பாகிஸ்தானில் சிலருக்கோ, இந்திய ஹீரோவோடு ஊர்சுற்றும் 'அடங்காத பொண்ணு'.

இதில் சட்டம் என்ன சொல்லுது? பாகிஸ்தான் கலைஞர்களை முழுசா தடை செய்யக் கோரிய மனுவை 2023 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றமும், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. ஆனாலும், ஃபவாதும் மஹிராவும் நடித்து, பாகிஸ்தான் வரலாற்றிலேயே அதிக வசூல் செய்த 'தி லெஜண்ட் ஆஃப் மௌலா ஜட்' 2024 அக்டோபர் 2-ல் இந்தியத் தியேட்டர்களுக்கு வருவதாக இருந்து, வரவே இல்லை. கோர்ட் தடை போடலை, ஆனா தடை இருந்துச்சு! தியேட்டரை எதுக்குப் பிரச்னையில் மாட்டிவிடணும்னு ஒரு விநியோகஸ்தர் யோசித்தாலே போதும், ரிலீஸ் நின்றுவிடும்.

பாலிவுட் கதவு மூடியதும் மஹிரா காணாமல்போயிருப்பார்னு நினைத்தால், அதுதான் இல்லை. 'சூப்பர்ஸ்டார்', 'கைத்-இ-ஆஸம் ஜிந்தாபாத்'னு உருது படங்கள் தொடர்ந்து வந்தன. விவாகரத்து, 2023-ல் மறுமணம் எல்லாம் கரியரை நிறுத்தலை. நாற்பது வயதில், 2025 பக்ரீத்துக்கு 'லவ் குரு'ன்னு ஒரு ரொமான்டிக் காமெடி, ஹுமாயூன் சயீத் ஜோடி. இந்திய ஆப்கள் அவர் முகத்தை அழித்து சில வாரங்கள்கூட ஆகாத நேரத்தில், கராச்சி தியேட்டர்களில் அதே முகம்தான் போஸ்டரில்!