படத்தின் முதுகைப் பாருங்கள்!

பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருடைய படத்தை வைத்து மாலை போட வேண்டும். வீடெல்லாம் தேடுகிறார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரே ஒரு புகைப்படம் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். நாற்பது வயதில், வேட்டியும் துண்டுமாக அவர் நிற்கும் படம்.

பேரன் அதை எடுத்துக்கொண்டு பிரேம் கடைக்கு ஓடுகிறான். "அண்ணே, நாளைக்கே வேணும்!" என்கிறான். "ஆகட்டும் தம்பி, காலையில் வாங்கிக்கொள்" என்கிறார் கடைக்காரர்.

மறுநாள் படம் வீட்டுக்கு வருகிறது. பளபளக்கும் சட்டம். பளிச்சென்ற கண்ணாடி. எல்லோருக்கும் திருப்தி.

பத்து ஆண்டுகள் போகின்றன. படத்தில் பழுப்புக் கறை படர்கிறது. ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுபக்கம் பூச்சி அரித்துவிட்டது. வேறு படம் உண்டா? கிடையாது!

இப்படிப்பட்ட நஷ்டம் பல வீடுகளில் நேர்ந்திருக்கிறது. இது யார் குற்றம்? பேரன் எதையும் கேட்கவில்லை. கடைக்காரர் எதையும் சொல்லவில்லை. கேட்காததும் சொல்லாததும் சேர்ந்துதான் அந்த முகத்தை அழித்தன.

வீட்டுக்கு வந்த படங்கள்

கண்ணாடி போட்ட படம் இல்லாத வீடு நம் நாட்டில் அபூர்வம். இந்த வழக்கம் பரவியதற்கு அச்சுக்கலை ஒரு முக்கிய காரணம்.

ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படங்களாக வீடு தேடி வந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பூசை அறையில் மாட்டினார்கள்.

காலண்டர் படம் கெட்டால் வேறு வாங்கலாம். காலமானவர் படம் கெட்டால் எங்கே வாங்குவது? இரண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதுதான் தவறு.

முன்னால் அழகு, பின்னால் ஆபத்து

பிரேம் வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். தங்க நிறமா, தேக்கு நிறமா என்று கேட்கிறார்கள். ஆனால், படத்தின் ஆயுள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

மலிவான அட்டையில் அமிலம் உண்டு. அது மெல்ல மெல்லப் படத்துக்குள் ஏறும். தாள் பழுப்பாகும், பிறகு நொறுங்கும். பழைய செய்தித்தாளைப் பின்னால் திணித்தாலும் இதே கதிதான். செய்தித்தாள் வெயிலில் எப்படி மஞ்சளாகிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அமிலம் இல்லாத அட்டை கடைகளில் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல். ஒரே படம் என்றால் அந்தச் செலவு தகும்.

அடுத்தது பசை. மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வரும். வெள்ளைப் பசையைப் படம் முழுவதும் தடவி அட்டையில் ஒட்டிவிட்டால், பிறகு பிரிப்பது மிகக் கடினம். ஒட்டும் டேப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறை விழும்.

அப்படியானால் படத்தை எப்படி நிறுத்துவது? பழைய ஆல்பங்களில் நான்கு மூலைகளிலும் சிறு காகித மூலைகள் இருக்கும். படத்தை அவற்றில் செருகி வைப்பார்கள். அதே முறைதான் பிரேமுக்கும் நல்லது. படத்தில் ஒரு சொட்டுப் பசையும் படாது. வேண்டும்போது வெளியே எடுக்கலாம்.

கண்ணாடி படக்கூடாது

புகைப்படத்தின் மேற்பரப்பில் ஜெலட்டின் என்ற மெல்லிய பூச்சு உண்டு. மழைக்காலத்து ஈரத்தில் அது இளகும். கண்ணாடி அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்!

ஆகையால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிறு இடைவெளி வேண்டும். படத்தைச் சுற்றி நடுவில் சன்னல்போல் வெட்டிய அட்டை வைப்பார்கள். இதற்குக் கடைகளில் 'மவுண்ட்' என்று பெயர். அழகுக்கு மட்டும் வைப்பது அல்ல அது. கண்ணாடி படத்தைத் தொடாமல் காப்பதும் அதுதான்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? பிய்க்க வேண்டாம். தண்ணீர் விட வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்வதே முதல் வேலை.

கணக்கைச் சொல்லுங்கள்

"இத்தனை சிறிய படத்துக்கு இவ்வளவு கூலியா?" என்று கேட்பவர் உண்டு. கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

படம் 12 அங்குலம் அகலம், 16 அங்குலம் உயரம். சுற்றளவு 56 அங்குலம். 56 அங்குலச் சட்டம் போதுமா? போதாது! மூலைகளைச் சாய்வாக அறுக்க வேண்டும். அதனால் சட்டத்தின் அகலத்தைப் போல எட்டு மடங்கு கூடுதலாக வேண்டும். சட்டம் 1 அங்குல அகலம் என்றால் 64 அங்குலம். 2 அங்குல அகலம் என்றால் 72 அங்குலம். ரம்பத்தில் போகும் சேதம் தனி. கண்ணாடி ஒன்றேகால் சதுர அடிக்கு மேல் பிடிக்கும். அதில் உடைவதும் வீணாவதும் தனி.

நான்கு மூலைகளையும் 45 பாகையில் அறுத்து, இடைவெளி தெரியாமல் சேர்ப்பது கைத்திறன். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை என்று அர்த்தம்.

இந்த உழைப்புக்குக் கூலி கொடுக்கத் தயங்கக் கூடாது. மாலை நாலு மணிக்குக் கொடுத்து, ஆறு மணிக்குக் கல்யாணப் பரிசாக வேண்டும் என்று நிற்பதும் முறையல்ல. அவசரத்தில்தான் பசையும் டேப்பும் உள்ளே நுழைகின்றன. ஆர்டர் கொடுத்துவிட்டு, வாங்க வராமல் இருப்பதும் தவறு. தெய்வப் படத்தைத் தூக்கி எறிய எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. அது அவர் கடையிலேயே தூசி படிந்து தொங்கும்.

கடைக்காரர் கடமை

ஆனால், கூலி வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. உள்ளே என்ன வைக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

புகைப்படத்தைக் கையில் வாங்கும்போதே, "இதற்கு வேறு பிரதி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். "இல்லை" என்றால், "நகல் எடுத்துக் கண்ணாடி போடுங்கள், அசலைப் பத்திரமாக வையுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்து பெரிதாக்கும் வசதி இன்று சிறிய ஊர்களிலும் இருக்கிறது. சுவரில் நகல் தொங்கட்டும். அசல், காகித உறையில், ஈரம் படாத பெட்டியில் இருக்கட்டும்.

ரசீதில் சட்டம், கண்ணாடி, பின்அட்டை, கூலி என்று தனித்தனியாக எழுதித் தர வேண்டும். பின்பக்கத்தில், படத்தை ஒட்டியிருக்கிறதா, செருகியிருக்கிறதா என்று ஒரு வரி எழுதலாம். நாளைக்கு அதைப் பிரிக்கிறவருக்கு அது வழிகாட்டும். எழுத ஒரு நிமிடம் ஆகாது. அதனால் கடையின் நல்ல பெயர்தான் வளரும்.

பிளாஸ்டிக் சட்டத்தைப் பிளாஸ்டிக் என்று சொல்லி விற்பதில் வெட்கம் இல்லை. அதைக் கரையான் தின்னாது, விலையும் குறைவு. அதைத் தேக்கு என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

வீட்டுக்காரர் கடமை

கடையில் நல்ல வேலை நடந்தாலும், வீட்டில் கெடுத்துவிடலாம். நேர் வெயில் படும் சுவரில் படத்தை மாட்டக் கூடாது. வெயில் நிறத்தைத் தின்றுவிடும். வண்ணப் புகைப்படம் இன்னும் விரைவில் வெளிறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் உண்டு. ஆனாலும் எந்தக் கண்ணாடியும் முழுக் காப்பு அல்ல.

ஈரம் ஊறும் சுவரும் ஆகாது. பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் துண்டுகள் ஒட்டினால் போதும். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

போகிக்கு முன்பு படங்களை இறக்கித் துடைப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால், கண்ணாடிமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அது வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கிவிடும். துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். துடைக்கும்போதே படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டை உண்டா? பூச்சித் தூள் உதிர்கிறதா? கயிறு இற்றிருக்கிறதா? ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒரு மனிதர் மறைந்த பிறகு மிஞ்சுவது நினைவும் ஒரு படமும்தான். பார்த்திராத கொள்ளுப் பேரனுக்கு நினைவு கிடையாது. அவனுக்குப் படம் ஒன்றுதான் தாத்தா!

அந்த முகத்தைக் காப்பதற்குப் பெரிய பணம் வேண்டாம். வாங்குகிறவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். விற்கிறவர் ஓர் உண்மை சொல்ல வேண்டும். அடுத்த முறை பிரேம் கடைக்குப் போகிறவர்கள், முன்பக்கத்தைப் பார்த்து மகிழ்வதோடு நிற்காமல், படத்தைத் திருப்பி அதன் முதுகையும் பார்க்கட்டும்!