விதியை ஓரிடத்தில் எழுதி வையுங்கள்

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு ‘ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்’ நினைவிருக்கும். 1897-இல் வந்த சட்டம். மாதம் என்றால் எந்த நாட்காட்டிப்படி, நிதியாண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது, ஆண்பாலில் எழுதியது பெண்ணுக்கும் பொருந்துமா என்பதையெல்லாம் அது ஒரே இடத்தில் சொல்லிவிட்டது. அதனால் பின்னால் வந்த மத்தியச் சட்டங்கள் அதே விளக்கங்களைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1891-லேயே இப்படி ஒரு சட்டம் உண்டு.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே புத்தி வேண்டும் என்பது என் கட்சி. சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் பேத்தி பொறுமையாக விளக்கியதால் இதை எழுதத் துணிகிறேன்.

ஒரு புரோகிராம் தன்னிடமுள்ள பெயர், தேதி, தொகை ஆகியவற்றை இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப, அவற்றை வரிசையான எழுத்துகளாக்க வேண்டும். அதைச் செய்வது சீரியலைசர். எப்படி எழுத வேண்டும் என்று அதற்குச் சொல்வது செட்டிங்ஸ். இன்று பெரும்பாலும் ஜேசான் என்ற வடிவத்தில் அனுப்புகிறார்கள். அதில் தேதிக்கென்று தனி வகை கிடையாது, எழுதுகிறவர் இஷ்டம்தான். 03/04/1951 என்று ஒருவர் அனுப்பினால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி படித்தால் மார்ச் 4. இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் வருடம், மாதம், நாள் என்ற வரிசையை 1988-இல் உலகத் தர நிர்ணயமாக வைத்தார்கள். புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தபோது ஒன்றரையை 1,5 என்றுதான் எழுதுவோம். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. எழுதும் முறை ஊருக்கு ஊர் மாறும்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டிலும் பைத்தானிலும் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ‘வணக்கம்’ என்பது 42 குறிகளாகப் போகிறது. பெறுகிற கம்ப்யூட்டர் அதைச் சரியாகத் தமிழாக்கிக்கொள்ளும். மனிதக் கண்ணுக்குத்தான் ஒன்றும் புரியாது. தமிழாகவே அனுப்பு என்று ஒரு செட்டிங் வைத்தால் போதும்.

அந்தச் செட்டிங்ஸை நாற்பது இடங்களில் நாற்பது முறை எழுதுகிறார்கள். விதி மாறும்போது முப்பத்தொன்பதைத் திருத்திவிட்டு ஒன்றை மறப்பார்கள். அந்த ஒன்றில் சிக்குகிறவர், பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை என்று கீழ்பென்னாத்தூர் தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைகிற நம் வயதுக்காரராக இருக்கலாம். ஓரிடத்தில் எழுதி எல்லோரும் அதையே எடுத்தாண்டால் இந்த அலைச்சலுக்கு இடமில்லை. வேகமும் கூடும், அழைக்கும்போதெல்லாம் புதிதாகச் செட்டிங்ஸ் உண்டாக்காமல் இருப்பதையே திரும்பப் பயன்படுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்டும் சொல்கிறது.

ஓரிடத்தில் தப்பு நடந்தால் எல்லா இடமும் தப்பாகுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தப்பு அன்றைக்கே கண்ணில் படும். ஒரே திருத்தத்தில் தீரும். மூலையில் ஒளிந்திருக்கும் தப்பு வருஷக்கணக்கில் இருக்கும். விதிவிலக்கு தேவைப்படுகிற இடமும் உண்டு. 1897 சட்டமே, விஷயத்துக்கோ சந்தர்ப்பத்துக்கோ முரணாக இல்லாதவரைதான் தன் விளக்கம் செல்லும் என்கிறது. அதேபோல் விலக்கை அந்த இடத்தில் மட்டும், காரணத்தோடு எழுதட்டும்.

உங்கள் வீட்டிலும் சாஃப்ட்வேர் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். தேதி எழுதும் விதி உங்கள் புரோகிராமில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று என்று பதில் வந்தால் நிம்மதி.