பழைய தெருவுக்கும் கடன் கொடுங்கள்

பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைக் கடந்து பாலுசெட்டி சத்திரம் வரை வந்து பாருங்கள். நேற்று நெல் விளைந்த வயலில் இன்று மனைக்கல் நட்டிருக்கும். செம்மண் கொட்டிய சாலை, வரிசையாகக் கொடிகள், முகப்பில் ஒரு வளைவு. அந்த மனைக்குக் கடன் கொடுக்க வங்கி தயார். சத்திரத்திலிருந்து உள்ளே திரும்பினால் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம் என்று விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிறார்கள். இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் சொல்வார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தெருவில் ஒரு வீட்டை வாங்கப் போனால் மட்டும் வங்கி தயங்குகிறது. இது அநியாயம்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். பிறந்தது பிள்ளையார்பாளையம். குழித்தறி போடத் தரையைத் தோண்ட வேண்டும். வாடகை வீட்டில் அதற்குச் சுலபத்தில் சம்மதம் கிடைக்காது. கிடைத்தாலும், காலி செய்யும்போது குழியை மூடித் தளம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகள் தலையெடுத்ததும் நாங்கள் வீடு தேடத் தொடங்கியது இதனால்தான். எல்லோரும் மனை வாங்கிக் கட்டு என்றார்கள். நான் திருப்புட்குழியில் ஒரு நாட்டு ஓட்டு வீட்டைப் பார்த்தேன். கூடத்தில் பழைய தறிக்குழி அப்படியே இருந்தது, மேலே பலகை போட்டு மூடியிருந்தார்கள். மண்சுவர் உப்புப் பூத்திருந்தாலும் தூலங்கள் உறுதியாக இருந்தன. பின்கட்டில் கிணறு.

நெசவாளிக்கு வீடு வாசலோடு முடிவதில்லை. மூன்று சேலைக்கான பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி போட்டு உலர்த்த நேரான தெரு வேண்டும். விடியற்காலையில் அதைத் தாண்டிப் போகிற பால்காரர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எதிர்வீட்டு அம்மா கோலத்தைக் கொஞ்சம் நகர்த்திப் போட வேண்டும். மழை தூறினால் கூப்பிடாமலே நாலு பேர் ஓடிவந்து சுருட்ட வேண்டும். இந்தப் பழக்கம் உள்ள தெருவை யாரும் மனை போட்டு விற்க முடியாது. நெசவாளிக்கு மட்டுமில்லை, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் குடும்பத்தை விட்டுப்போகவும் இப்படிப்பட்ட தெருதான் துணை.

பழைய வீட்டில் சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், சர்வே எண்ணே இருக்காது. இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு என்று, இறந்துபோனவர்களின் பெயர்தான் எல்லை. கிழமேல் இத்தனை ஜாதியடி, தென்வடல் இத்தனை, பொதுச்சுவரில் பாதி, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம். அந்தப் பெயர்களெல்லாம் இன்று யார் யார் வீடு என்று தெரிந்தவர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் என்னோடு நடந்து வந்து ஒவ்வொரு எல்லையையும் கைநீட்டிக் காட்டினார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது பெண்களின் பங்கு. வீட்டை விற்க வந்தவர்கள் அண்ணன், தம்பி இரண்டு பேர். இரண்டு அக்காமார் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தார்கள். “அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார் தரகர். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அக்காமார் கையெழுத்தும் பங்கும் இல்லாமல் வாங்க மாட்டேன் என்றேன். மூத்தவர், “எனக்கு எதுக்கும்மா, தம்பிங்களே வச்சிக்கட்டும்” என்றார். பணத்தைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான். பழைய வீடு வாங்குகிறவர்கள் வழக்குக்குப் பயந்தாவது இதைச் செய்யுங்கள். நியாயம் என்று நினைத்துச் செய்தால் இன்னும் நல்லது.

அடுத்தது மண் யாருடையது என்பது. கோயில் ஊர்களில் கட்டடம் குடியிருப்பவருக்கும் அடிமனை கோயிலுக்கும் சொந்தமாக இருப்பதுண்டு. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. அது சரியான சட்டம். கோயில் சொத்தை எவரும் தொடக்கூடாது. அதனால்தான் அ-பதிவேட்டையும் நத்தம் கணக்கையும் முதலில் பார்த்தேன். நான் வாங்கியது கோயில் மண் அல்ல, கிராம நத்தம்; ஊரார் குடியிருக்கவென்றே ஒதுக்கிய இடம்.

நத்தம் என்றதும் ஒரு வங்கியில் கோப்பையே மூடிவிட்டார்கள். பட்டா இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, முப்பது வருட வில்லங்கச் சான்று இருக்கிறது என்றேன். “நத்தம்னா எங்க மேலிடத்தில் ஒத்துக்க மாட்டாங்கம்மா” என்றார் அலுவலர். குடியிருப்பவர் அனுபவத்திலுள்ள நத்தம் அரசுக்குச் சொந்தமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஊர் தோன்றியபோதே குடியிருக்க ஒதுக்கிய இடத்தைவிட உறுதியான குடியிருப்பு எது? கடைசியில் நகையை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் வாங்கினோம்.

வயலை அழித்துப் போட்ட மனைகளின் கதையைப் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு வருடமே, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தது. விண்ணப்பிக்கும் கெடுவைப் பலமுறை நீட்டித்தது. பணம் போட்ட ஏழைகளுக்காகச் செய்ததைக் குறை சொல்லவில்லை. அங்கீகாரமில்லாமல் போட்ட மனைக்குக் கூட வழி பிறந்த நாட்டில், நானூறு ஐந்நூறு வருடமாக ஜனம் புழங்கும் தெருவுக்கு ஏன் பிறக்கவில்லை?

வாங்குகிறவர்கள் அரசுக்கும் குறைவாகக் கொடுப்பதில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், இருபது லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்தார்கள். நல்ல காரியம். பழைய தெரு வீடுகளுக்கு அந்த வரம்பை உயர்த்த வேண்டும். வருவாய்த் துறை ஊர் ஊராக முகாம் போட்டு, நத்தம் வீடுகளை அளந்து, உட்பிரிவு எண்ணோடு இன்று குடியிருப்பவர் பெயரில் பட்டா கொடுக்க வேண்டும். அந்தப் பட்டாவை ஈடாக ஏற்கும்படி மாநில வங்கியாளர் குழுவில் அரசு பேசி முடிவு வாங்க வேண்டும். எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கும் வீடுகளை விலை கேட்டு, வாடகைக்கு இருக்கிற நெசவுக் குடும்பங்கள் வருகின்றன. முன்பணம் கொடுக்கக்கூடத் தயாராக இருக்கிறார்கள். மீதிக்குக் கடன் கிடைக்காது என்றதும், நெடுஞ்சாலையோரத்து மனைத் தரகரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.