அடுப்பும் நம் பண்ணைக் கணக்கில்தான் வரும்

"வெறகு சும்மாதானே கெடக்கு, எரிச்சா என்ன?" ஆலந்தலை, திருச்செந்தூர், உடன்குடி பக்கம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இயற்கை விவசாயம் செய்கிற நண்பர்களும் இப்படிச் சொல்லும்போதுதான் சங்கடமாக இருக்கிறது. வங்கியில் காலம் முழுக்கக் கணக்கு பார்த்தவன் நான். 'சும்மா' என்று ஒரு தலைப்பு எந்தப் பேரேட்டிலும் கிடையாது.

நம்முடையது தேரி மணலும் கடற்கரை மணலும். தண்ணியும் நிற்காது, சத்தும் நிற்காது. தென்னை மட்டை, பனையோலை, சருகு எல்லாம் மூடாக்காக விழ வேண்டிய மண். அது அடுப்புக்குப் போனால் சாம்பல்தான் திரும்பி வரும். "சாம்பலும் உரம்தானே" என்பீர்கள். சாம்பல் சத்து வரும், சரி. கரிமமும் தழைச்சத்தும் புகையோடு போய்விடுமே!

கருப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதநீர் வேண்டும். அதில் 7 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். சூடு துளியும் வீணாகாவிட்டால், நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவும் கொஞ்சமும் போதும். ஆனால் திறந்த அடுப்பில் 100க்கு 15 பங்கு சூடுதான் பாத்திரத்தில் ஏறுகிறது என்று வையுங்கள், 8 கிலோ விறகு போகும். அதை 30 பங்காக்கினால் 4 கிலோ போதும். விறகுச் செலவு கூடக் கூட, சீனி கலந்து சீக்கிரம் இறக்குகிறவன்தான் ஜெயிப்பான். சுத்தமான கருப்பட்டி காய்ச்சுகிறவர் தோற்பார்.

அதற்குப் பெரிய முதலீடு ஒன்றும் வேண்டாம்.

முதலில் விறகு காய வேண்டும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து வெளியேற்றவே சூடு செலவாகும், புகையும் கூடும். பங்குனி, சித்திரையிலேயே பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் ஏற்றிவிட வேண்டும். வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கிற இங்கிலாந்தில், 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது.

அடுத்தது காற்று. விறகைத் தரையில் போடாமல் இரும்புக் கம்பித் தட்டின் மேல் வைத்தால் அடியிலிருந்து காற்று ஏறி, புகையாகப் போவதும் சேர்ந்து எரியும். மூன்றாவது இடைவெளி. பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல்கடை விட்டு மண்சுவர் எழுப்புங்கள். சூடு பாத்திரத்தை உரசிக்கொண்டு மேலே போகும். அடுப்பு மண்ணில் உமி கலந்தால் சுவர் குடிக்கிற சூடு குறையும். புகைபோக்கி வைத்தால் கரியை அடிக்கடி தட்ட வேண்டும்.

இதெல்லாம் புதுசு இல்லை. 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்குத் தேசியத் திட்டம் தொடங்கியது. 3 கோடிக்கு மேல் அடுப்பு வைத்ததாகக் கணக்குக் காட்டினார்கள். 2002இல் திட்டத்தையே நிறுத்தினார்கள். காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. வங்கியிலும் கடன் கொடுத்த அன்றே இலக்கு முடிந்துவிடும், அந்தக் கடனில் வாங்கிய மாடு பால் கறந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அடுப்பும் அப்படித்தான் ஆனது. வைத்தவர் போய்விட்டார். உடைந்தால் பூச ஊரில் ஆள் இல்லை. சமைக்கிற பெண்களிடம் பாத்திர அளவைக்கூடக் கேட்காமல் வைத்தவையும் உண்டு.

"அதான் கேஸ் வந்தாச்சே" என்று சிலர் சொல்வார்கள். வீட்டுச் சமையலுக்கு கேஸ் இருக்கட்டும், புகையில் கண் எரிந்தது போதும். ஆனால் பதநீர் காய்ச்சவும் நெல் அவிக்கவும் சிலிண்டர் கட்டுப்படியாகாது. அங்கே விறகுதான்.

ஆகவே நம் இயக்கக் கூட்டங்களில் பஞ்சகவ்யப் பயிற்சியோடு அரை நாள் அடுப்புப் பயிற்சியும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சொல்லிக்கொடுக்க, மண் பூசத் தெரிந்த ஊர்ப் பெண்களையே அழையுங்கள், கூலியும் கொடுங்கள். அதற்கு முன், ஒரு வாரம் நீங்கள் எரிக்கிற விறகைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். அடுப்பைத் திருத்தியபின் இன்னொரு வாரம் நிறுங்கள். மிச்சப்படுகிற மட்டையும் ஓலையும் தென்னை மூட்டுக்குப் போகட்டும்.