நான்கு நாள் பூட்டினால் கடை ஓடிப் போய்விடாது



அரையாண்டுத் தேர்வு முடியும் சமயம் வந்தால் நம் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுதான். "அப்பா, லீவுக்கு எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "பொங்கல் சரக்கு இறங்க வேண்டும், பிறகு பார்க்கலாம்" என்று நாம் சொல்வோம். அந்தப் "பிறகு" வருவதே இல்லை. பருப்பு விலை, வெல்ல விலை பற்றிப் பலர் எழுதுகிற இந்த இதழில், இம்முறை நம் வீட்டு விஷயம் ஒன்றை எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளாக மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறேன். 1994 டிசம்பரில் என் மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. ராமேஸ்வரம் அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் வழியே கடலைப் பார்க்க வேண்டும் என்று பையன் ஒரு மாதமாக நாள் எண்ணிக் கொண்டிருந்தான். புறப்படும் அன்று காலையில் வெல்ல லாரி வந்துவிட்டது. "நாளைக்குப் போவோம்" என்றேன். மறுநாள் பருப்பு லாரி வந்தது. கட்டி வைத்த பையை என் மனைவி ஒன்றும் பேசாமல் அவிழ்த்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அந்த வெல்லத்தில் மூட்டைக்கு எவ்வளவு கிடைத்தது என்று இன்று எனக்கு நினைவில்லை. பையை அவிழ்த்தது நினைவிருக்கிறது.

நாங்கள் ராமேஸ்வரம் போனது 2019 டிசம்பரில்தான். அதற்குள் பிள்ளைகள் வேறு ஊர்களில் குடும்பமாகி விட்டார்கள். கிழவனும் கிழவியுமாகப் போனோம். கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஈரத் தரையில் ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நடந்தாக வேண்டும். ஏழாவது தீர்த்தத்தோடு முழங்கால் வலி தாங்காமல் தூண் ஓரமாக உட்கார்ந்து விட்டாள். "நீங்க போய் ஆடிட்டு வாங்க" என்றாள். மீதியை நான் தனியே ஆடி வந்தேன். அவள் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் படிப்பு முடித்ததும் கடைக்கு வரச் சொன்னேன். "கடை மேல எனக்குக் கோபம் இல்லப்பா. இத்தனை வருஷத்துல உங்களுக்கு நாலு நாள் லீவு குடுக்காத கடை எனக்கு மட்டும் குடுக்குமா?" என்று கேட்டான். இன்று அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கிறான். நம் கூட்டங்களில் "அடுத்த தலைமுறை கடைக்கு வர மாட்டேன் என்கிறது" என்று வருத்தப்படுகிறோம். பெரிய அங்காடி, செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனி என்று காரணம் அடுக்குகிறோம். அவையும் காரணந்தான். ஆனால் நம் வீட்டுக்குள் இருக்கும் காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

எந்த நான்கு நாள்?

"நேரம் இல்லை" என்பது முழு உண்மை அல்ல. காலண்டரை எடுத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கான மைதா, சர்க்கரை, முந்திரி, திராட்சை விற்பனை டிசம்பர் 24 இரவோடு அடங்கிவிடும். ஐயப்ப பக்தர்களுக்கான நெய், தேங்காய், அரிசி வியாபாரமும் மண்டல பூஜையை ஒட்டிக் குறைந்துவிடும். பொங்கல் வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு சில்லறையில் வேகம் பிடிப்பது ஜனவரி பிறந்த பிறகுதான். பள்ளிகளுக்கும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் விடுமுறை.

வரிக் கணக்கையும் பாருங்கள். டிசம்பர் 15 முன்வரித் தவணை. மாதக் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 20ஆம் தேதியோடு 3பி முடிந்தது, அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்.1 ஜனவரி 11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்வோர் 25ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆண்டு அறிக்கைக்கு டிசம்பர் 31 கடைசி நாள். அதை 20ஆம் தேதிக்குள் கணக்கரிடம் முடித்து வாங்கிக் கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரையிலான எட்டு நாளில் நான்கு நாள் நமக்குக் கிடைக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

சரக்குப் போடுவதைப் போலத் திட்டமிடுங்கள்

நாம் கோட்டை விடுவது ரயில் டிக்கெட்டில். முன்பு 120 நாள் முன்னதாகவே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. நம் ஊரிலிருந்தே கிளம்பும் வண்டியில் டிசம்பர் 25 போக வேண்டுமானால் அக்டோபர் 26 காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும். 28 திரும்ப வேண்டுமானால் அக்டோபர் 29. இது தீபாவளி வியாபாரம் தலைக்கு மேல் போகும் நேரம். நமக்கு மறந்தே போகும். எனவே ஆயுத பூஜைக்குக் கணக்கு நோட்டு வைக்கும்போதே இந்த இரண்டு தேதிகளையும் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். தட்காலை நம்பாதீர்கள். அது முதல் நாள்தான் திறக்கும். உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

வேனில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு பத்தரைக்குக் கடை அடைத்து, பதினொன்றரைக்கு வேன் ஏறுவது நம்மவர் வழக்கம். நானும் செய்திருக்கிறேன். பகல் முழுதும் ஓட்டிய டிரைவரே இரவும் ஓட்டுவார். ஒரு முறை விடியற்காலையில் எங்கள் வண்டி சாலையை விட்டு இறங்கி நின்றது, கடவுள் காப்பாற்றினார். காலை 5 மணிக்கு, தூங்கி எழுந்த டிரைவரோடு புறப்படுங்கள். வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை அமர்த்தாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது பெரும்பாடு.

ஊர் தேர்வு செய்யும்போது ஒரே ஊரைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நாளில் ஒன்பது கோயில் என்று ஓடினால் பிள்ளைகளுக்கு வேனின் இருக்கைதான் நினைவில் நிற்கும். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, பழனி, திருச்செந்தூர் எல்லாம் அந்த நாட்களில் ஐயப்ப பக்தர் கூட்டத்தோடு இருக்கும். தங்க இடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களை யோசித்துத்தான் அழைத்துப் போக வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதையும் புறப்படுமுன் பார்த்துக் கொள்ளுங்கள்.

வானிலை அறிவிப்பைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தது நமக்கு மறக்காது.

கடையைப் பூட்டுமுன் தயிர், ரொட்டி, முட்டை வாங்குவதை மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். மார்கழி ஈரத்தில் வெல்லம் கசியும். பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். நீங்கள் கொடுத்த முன்தேதிக் காசோலை அந்த நாட்களில் வந்தால் வங்கியில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லாவில் பணம் வைக்காதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கும் செய்தியைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். கடைப் பையன்களுக்கும் அந்த நான்கு நாளைச் சம்பளத்தோடு விடுங்கள். அவர்களுக்கும் ஊரில் தாய் தகப்பன் உண்டு.

வாடிக்கையாளர் போய்விடுவாரே?

இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. 2019இல் பத்து நாள் முன்னதாகப் பலகையில் தேதி எழுதி வைத்தேன். வழக்கமான சில்லறைக் கடைக்காரர்களுக்குப் போன் செய்து முன்கூட்டியே சரக்கு எடுக்கச் சொன்னேன். பெரும்பாலோர் எடுத்துக் கொண்டார்கள். ஒருவர் வேறு இடத்தில் வாங்கினார். இன்று வரை அங்கேயே வாங்குகிறார். நஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நஷ்டத்துக்குப் பயந்துதான் நான் இருபத்தைந்து வருடம் கழித்துப் போனேன். சொல்லாமல் பூட்டினால்தான் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும். சொல்லிவிட்டுப் பூட்டினால் பெரும்பாலோர் பொறுத்துக் கொள்வார்கள்.

இந்தப் பயத்தைத் தனி ஆளாகத் தீர்க்க முடியாது. சங்கம்தான் தீர்க்க வேண்டும். என் யோசனை இது. ஒரு தெருவில் ஆறு மளிகைக் கடை இருந்தால் மூன்று கடை டிசம்பர் 25 முதல் 28 வரை பூட்டட்டும். மற்ற மூன்று 29 முதல் ஜனவரி 1 வரை பூட்டட்டும். எந்த நாளும் தெருவில் மூன்று கடை திறந்திருக்கும். பொதுமக்களுக்கும் சிரமம் இல்லை. "பக்கத்துக் கடைக்காரர் என் வாடிக்கையாளரைப் பிடித்துக் கொள்வாரே" என்பீர்கள். அடுத்த வாரம் அவர் கடையும் பூட்டப் போகிறது என்பது அவருக்கும் தெரியும் அல்லவா? கிறிஸ்தவ சகோதரர்களுக்கு முதல் தவணையைக் கொடுத்துவிடலாம். கட்டாயம் வேண்டாம், சம்மதித்த தெருக்களில் இந்த ஆண்டே தொடங்கலாம். நிர்வாகிகள் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.

இதைப் படிக்கும் இளம் வியாபாரிகளே, உங்கள் மனைவிக்கு இன்று முழங்கால் வலி இல்லை. உங்கள் பையன் இன்னும் ஜன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை போடுகிறான். பொங்கல் வெல்லத்துக்கு ஆர்டர் எழுதும் அதே பக்கத்தில் பயணத் தேதியையும் எழுதி வையுங்கள். அன்று காலையில் லாரி வந்தால் குடோனில் இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். வெல்லம் அங்கேயேதான் இருக்கும்.