சைக்கிளை விட்டு இறங்கு!

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போயிருந்தோம். ரிங்லெட் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டம். பிள்ளைகள் பச்சைச் சரிவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் பழைய துரை பங்களா. அதன் முன்னால் ஒரு தமிழ்ப் பையன் பாடிக்கொண்டே சைக்கிளில் இறக்கத்தில் பறந்தான். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

அவருடைய இளமையில் துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கோரிக்கைப் பட்டியலில் இதுவும் இருந்தது: இனி இறங்க மாட்டோம்.

சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் யாரும் முறைகேடாக நடக்கக் கூடாது என்றெல்லாம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். (கொடுத்த கூலி எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று அவர்களுக்கா தெரியாது!) முன்னால் நின்றவர் ஆர்.எச்.நாதன், 'தமிழ் நேசன்' துணையாசிரியர்.

அது உலகப் போர்க் காலம். பிரிட்டனுக்கு ரப்பர் வேண்டும், அதை விற்று வரும் டாலரும் வேண்டும். எனவே கூலியில் சில காசு கூட்டினார்கள். ஆனால், தலை நிமிர்ந்து பேசிய ஆளைப் பொறுக்க முடியவில்லை. மே 6ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக மறுபடி வேலைநிறுத்தம். 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை. பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த மாத முடிவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பெரட்டு மணி அடித்தது, சனங்கள் வேலைக்குப் போனார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். அவனுடைய படையில் பலர் தெற்கே வந்தது எதில் தெரியுமா? சைக்கிளில். துரைமார்கள் சிங்கப்பூருக்கு ஓடினார்கள்.

தாத்தா 1980களிலும் தோட்ட ஆபீஸைத் தாண்டும்போது இறங்கித்தான் தள்ளுவார். உள்ளே தமிழ் கிராணிதான் இருப்பார். ஏன் தாத்தா என்று கேட்டால், "செயின் லூசா இருக்குய்யா" என்பார்.

நான் ஒருநாள் அந்தச் செயினைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.