ஊராட்சித் தலைவர் பதவி ஏலம்: பணம் கோயிலுக்குப் போனால் குற்றம் இல்லையா?

தொண்டூர் உள்ளிட்ட விழுப்புரம் மாவட்ட கிராமங்களில் 2021 அக்டோபரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் 5 ஆண்டு பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. தேர்தல் நெருங்கினாலே பல ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும்: "எதுக்கு வீண் செலவு, சண்டை? ஊர்க்கூட்டம் போட்டு பேசி முடிச்சிடலாம்."

எல்லோரும் மனமொத்து ஒருவரை நிறுத்துவதில் தவறில்லை. அந்தப் பேச்சு ஏலமாக மாறும்போதுதான் சிக்கல்.

எங்கெல்லாம் நடந்தது?

2021 செப்டம்பரில் செஞ்சி அருகே பொன்னங்குப்பம் கிராமத்தில் தலைவர் பதவி ரூ.20 லட்சத்துக்கும் மேல் ஏலம் போனதாக செய்தி வெளியானது. அதற்கு முன்பு 2019 டிசம்பரில், கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடுக்குப்பத்தில் தலைவர் பதவி ரூ.50 லட்சத்துக்கும், துணைத் தலைவர் பதவி ரூ.15 லட்சத்துக்கும் ஏலம் விடப்பட்டதாக வந்த தகவல் மாநிலம் முழுக்க பேசப்பட்டது.

அந்தத் தேர்தல்களில் தலைவர் வேட்பாளர் செய்யக்கூடிய அதிகபட்ச செலவே ரூ.34,000 தான். டெபாசிட் ரூ.600, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு ரூ.300. அப்படியிருக்க, லட்சக்கணக்கில் கொடுப்பவர் அதை எங்கே திரும்ப எடுப்பார்?

துணைத் தலைவர் பதவிக்கும் ஏன் விலை?

ஊராட்சி கணக்கிலிருந்து பணம் எடுக்க தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்து போட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, சாலைக்கு வரும் நிதி இந்த இரண்டு கையெழுத்தில்தான் நகர்கிறது. ஏலத்தில் போட்ட காசை எடுக்க நினைப்பவரின் கண் முதலில் போவது இங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேர்தலில் நிற்பது, நிற்காமல் இருப்பது, மனுவை வாபஸ் பெறுவது, ஓட்டு போடுவது எல்லாமே ஒருவரின் தேர்தல் உரிமை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 169-வது பிரிவு. அந்த உரிமையைப் பயன்படுத்த வைக்க பணம் கொடுப்பதும் வாங்குவதும் 170-வது பிரிவின்படி லஞ்சம். 173-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இது குற்றம்தான்.

"கோயில் திருப்பணிக்குத்தானே கொடுக்கிறோம்" என்பது வழக்கமான பதில். ஆனால் மற்றவர்களைப் போட்டியிலிருந்து விலக்குவதற்காகத்தான் அந்தப் பணம் கைமாறுகிறது. நல்ல காரியத்துக்குப் போவதால் மட்டும் அது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. நின்றால் ஊரைவிட்டு ஒதுக்கி வைப்போம் என மிரட்டுவதும் தனிக் குற்றம்.

பிறகு ஏன் நிற்கவில்லை?

ஏலத்துக்கு ரசீது கிடையாது. ஊர்க்கூட்டத்தில் வாய்மொழியாக முடிகிறது. கடைசியில் அதிகாரியின் மேஜைக்கு வருவது ஒரே ஒரு வேட்புமனு. போட்டியின்றி தேர்வு என அறிவிக்கப்பட்டுவிட்டால் வாக்குப்பதிவே கிடையாது. ஊரில் சொல்ல முடியாத எதிர்ப்பை ரகசிய ஓட்டில் காட்டும் வாய்ப்பும் போய்விடுகிறது. இதில் அதிகம் இழப்பது, ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாத பெண்களும், பணமில்லாத குடும்பங்களும், ஒடுக்கப்பட்ட மக்களும்தான்.

மகாராஷ்டிரா செய்தது என்ன?

2021 ஜனவரியில் நாசிக் மாவட்டம் உம்ரானே, நந்துர்பார் மாவட்டம் கோண்டாமளி ஆகிய இரு ஊராட்சிகளில் பதவி ஏலம் விடப்பட்டதை அறிந்த அம்மாநிலத் தேர்தல் ஆணையம், அங்கு தேர்தலையே ரத்து செய்தது. ஏலம் எடுத்தாலும் பதவி கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் பணத்தைக் கட்டத் தயங்குவார்கள்.

வாக்காளர் என்ன செய்யலாம்?

* வேட்புமனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடமும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமும் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். வீடியோ, ஆடியோ இருந்தால் சேர்த்துக் கொடுக்கலாம்.

* 21 வயது நிரம்பி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர், மற்ற தகுதிகளும் இட ஒதுக்கீடும் பொருந்தினால், தானே மனு தாக்கல் செய்யலாம். இரண்டாவது மனு ஒன்று களத்தில் நின்றாலே வாக்குப்பதிவு நடந்தாக வேண்டும்.

* தேர்தல் முடிந்த பிறகும் கிராம சபையில் வரவு செலவு கணக்கைக் கேட்கலாம். ஏலத்தில் போன பணம் எந்த வழியில் திரும்ப எடுக்கப்படுகிறது என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் தெரியவரும்.